நாலு வரி பாக்கி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்தப் பை மடியில இருந்தாப் போதும். இல்ல, மேல வைக்க மாட்டேன். கண்டக்டர்கூட சொல்லிப் பாத்தாரு, மேல வைங்க பெரியவரே, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு. எடுத்தாங்களே சார். இருபத்திரெண்டு வருசம் கூடவே இருந்தவன் எடுத்தானே. அதுக்கப்புறம் நான் எதையும் மேல வைக்கிறதில்ல.

மெட்ராஸ் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான். புகார் குடுக்கப் போறேன். போலீசுக்கு இல்ல சார், போலீசுல இதச் சொன்னா சிரிப்பாங்க. மவுண்ட் ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனி இருக்கு, பாட்டு சாஃப்ட்வேர் விக்கிறவங்க. அங்க போயி உக்காந்து, என் லைசென்ச எவன் எடுத்தான், எந்தத் தேதியில எடுத்தான்னு எழுதி வாங்காம எந்திரிக்கிறதா இல்ல.

திண்டுக்கல் நாகல் நகர்ல தண்டபாணி ஸ்டூடியோன்னு கேட்டுப் பாருங்க. போட்டோ ஸ்டூடியோ இல்ல. பாட்டுப் பதியிற ஸ்டூடியோ. மாரியம்மன் கோயிலுக்குப் பாட்டு, சர்ச்சுக்குப் பாட்டு, தேர்தல் வந்தா எல்லாக் கட்சிக்கும் பாட்டு, ஆட்டோவுல கத்திக்கிட்டுப் போற துணிக்கடை விளம்பரம், எல்லாம் நம்மதான். நம்மன்னா நானும் சூசையும். சூசைமாணிக்கம். அந்தக் காலத்துல ஆர்க்கெஸ்ட்ராவுல நான் தபலா, அவன் கீபோர்டு. கச்சேரி குறைஞ்சதும் ரெண்டு பேரும் சேந்து போட்ட கடை இது. பேரு மட்டும் என் பேரு. அவந்தான் சொன்னான், உங்க பேரையே வைங்கண்ணேன்னு. அப்ப நல்லவன் மாதிரிதான் இருந்தான்.

இப்பல்லாம் பாட்டு டேப்புல இல்ல சார், கம்ப்யூட்டர்லதான். அந்த சாஃப்ட்வேர் சும்மா தொறக்காது. அதுக்கு ஒரு சாவி இருக்கு. பென் டிரைவ் மாதிரி குட்டியா இருக்கும், டாங்கிள்னு சொல்லுவாங்க. லைசென்ஸ் அதுக்குள்ளதான். சாவியக் கம்ப்யூட்டர்ல சொருகணும். கம்ப்யூட்டருக்குள்ள லைசென்ஸ் மேனேஜர்னு ஒண்ணு உக்காந்திருக்கும். மேனேஜர்னதும் டை கட்டுன ஆளுன்னு நெனச்சிராதீங்க, அதுவும் ஒரு புரோகிராம்தான். அது சாவியப் பாத்து, சரி இவன் காசு குடுத்து வாங்குனவன்தான்னு தலையாட்டுனாத்தான் பாட்டு தொறக்கும். இல்லேன்னா நீங்களே பதிஞ்ச பாட்ட நீங்களே கேக்க முடியாது.

இந்த வருசம் ஆயுத பூசை வரைக்கும் ஒரு குறையும் இல்ல. நல்லாக் கேட்டுக்குங்க, ஆயுத பூசை வரைக்கும்.

ஆயுத பூசைன்னா எங்க வீட்டுல சாமானியமா இருக்காது. எங்கப்பா தறி ஓட்டுனவரு. தறிக்கு எப்படிப் பூசை போட்டாரோ அதே மாதிரிதான் நான் ஸ்டூடியோவுக்கு. மைக்கு, ஹெட்போனு, கீபோர்டு, தபலா, எல்லாத்தையும் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு. அந்தச் சாவியத்தான் நடுவுல, வெள்ளித்தட்டுல வைப்பேன். கடையே அதுலதான இருக்கு. கல்லுல அரைச்ச சந்தனம் சார், கடைப் பொடி கிடையாது. கெட்டியா அரைச்சு, சொருகுற பக்கத்துல, அந்த இரும்பு முனையில வைப்பேன். வாய் இருக்குற பக்கம்தான முகம்? முகத்துலதான பொட்டு வைக்கணும்?

சூசை ஒரு தடவை சொன்னான், அண்ணே, பொட்ட அதோட பின்பக்கத்துல வைங்களேன்னு. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. நான் உன் மாதா படத்துக்கு மாலை வாங்கிப் போடும்போது இங்க போடு, அங்க போடுன்னு சொன்னேனான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவன் வாயத் தொறக்கல. ஆனா ஒண்ணு சார். ஒவ்வொரு விஜயதசமிக்கும் காலையில எனக்கு முந்தி வந்து கதவத் தொறந்துருவான். நான் போறப்ப பஞ்சும் ஸ்பிரிட்டும் வச்சுக்கிட்டு எதையோ தொடச்சுக்கிட்டு இருப்பான். குப்பைக் கூடையில மஞ்சளாப் பஞ்சு கெடக்கும். என்னடா பண்றன்னா, தூசியண்ணேன்னு சிரிப்பான். நானும் விட்டுருவேன். இப்ப யோசிச்சாத்தான தெரியுது, அப்பவே அந்தச் சாவியோட அவனுக்கு ஏதோ வேலை இருந்திருக்கு.

சொல்றேன், வரிசையாச் சொல்றேன். வையம்பட்டி தாண்டிருச்சா? நேரம் கெடக்கு.

சூசையோட வீட்டுக்காரி செலின். சர்ச்சு கொயர்ல இருபது வருசமாப் பாடுன பொண்ணு. என்னைய அண்ணேன்னுதான் கூப்பிடும். அதுக்குத் தொண்டையில ஒரு கட்டி. தைராய்டுன்னாங்க. மதுரையில தேதி குறிச்சாச்சு, விஜயதசமி கழிஞ்சு எட்டாம் நாள் ஆபரேசன். டாக்டரு மறைக்காமச் சொல்லிட்டாரு, உசுருக்குப் பயமில்ல, ஆனா கொரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது, பழையபடி பாடுவீங்களான்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதுன்னு.

உடனே சூசை அவ பாடுறதுக்குன்னே எட்டுப் பாட்டு போட்டான். மாதா மேல ஆறு, சும்மா ரெண்டு. நாளைக்குக் கொரலு இல்லாமப் போனாலும் இது இருக்கட்டும்ணேன்னான். நானும் மாட்டேன்னு சொல்லல சார், கோயில் வேலையெல்லாம் தள்ளி வச்சு ஸ்டூடியோவ விட்டுக் குடுத்தேன். தபலாவும் நாந்தான் வாசிச்சேன். கட்டி இருக்குறதால ஒரு நாள் நல்லா வரும், மூணு நாள் வராது. அப்படியே இழுத்து இழுத்து ஏழு முடிஞ்சிருச்சு. எட்டாவதுல கடைசிச் சரணம் மட்டும் பாக்கி. நாலு வரி.

ஆயுத பூசை அன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். ரெண்டு பேரும் வந்து நிக்கிறாங்க. செலின் கழுத்தச் சுத்தி சால்வை போட்டிருக்கு. சூசை சொன்னான், அண்ணே, இன்னைக்குக் கொரலு நல்லா இருக்கு, காலையில எந்திரிச்சதுமே பாடிப் பாத்தா, ரெண்டு மணி நேரம் போதும்னான். எல்லாம் மாலையும் பொட்டுமா இருக்கு. பூசையில வச்சத எப்படி எடுக்குறது? நீங்களே சொல்லுங்க. எங்கப்பா ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லாத வருசத்துலகூட அன்னைக்குத் தறியத் தொட்டதில்ல. இன்னைக்கு ஒரு நாள் அதுகளுக்கு ஓய்வு சூசை, நாளைக்குக் காலையில மொத வேலை செலின் பாட்டுத்தான், நல்ல நாளுன்னு பக்குவமாத்தான் சொன்னேன். கோபமாச் சொல்லல. செலின், சரிங்கண்ணேன்னுச்சு. சுண்டலும் பொரியும் குடுத்து அனுப்புனேன்.

மறுநாள் காலையில சூசை வரல. ஆஸ்பத்திரியில ஏதோ டெஸ்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க, மத்தியானம் வந்துர்றோம்னு போன் பண்ணுனான். சரி, வர்றதுக்குள்ள தயார் பண்ணி வைப்போம்னு நானே கும்புட்டு, நானே சாவிய எடுத்துச் சொருகுனேன். இத்தன வருசத்துல பூசை முடிஞ்சு நானாச் சொருகுனது அதுதான் மொதத் தடவை.

லைசென்ஸ் இல்லைங்குது.

எடுத்து மறுபடி சொருகுனேன். இல்ல. வேற ஓட்டையில சொருகுனேன். இல்ல. லைசென்ஸ் மேனேஜர அழிச்சிட்டு மறுபடி ஏத்துனேன். இல்ல. கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டேன், வடக்குப் பாத்துத் திருப்பி வச்சேன், ஒண்ணும் நடக்கல. ஆனா சாவியில லைட்டு எரியுது சார். மினுக்கு மினுக்குன்னு எரியுது. அப்பச் சாவி செத்துப் போகலேன்னுதான அர்த்தம்? சாவி இருக்கு, உள்ள இருந்தது இல்ல.

அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணுனா ஒரு பையன் கம்ப்யூட்டருக்குள்ள தூரத்துலேர்ந்தே பூந்து பாத்தான். என்னென்னமோ அமுக்குனான். அப்புறம் கேக்குறான், சார், டாங்கிளோட முனை சுத்தமா இருக்கான்னு. எனக்கு வந்த கோபம். தம்பி, அதவிடச் சுத்தமான பொருளு எங்க வீட்டுலயே கிடையாதுன்னேன்.

சாவியத் தூக்கிக்கிட்டுத் தெருமுனை இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். அங்கயும் அதே கததான். அப்ப என் கம்ப்யூட்டர் மேல தப்பில்லேன்னு ஆகிப்போச்சுல்ல? சென்டர்க்காரருதான் விவரம் சொன்னாரு. அந்த லைசென்ஸ் யாரோட ஈமெயில்ல பதிஞ்சிருக்கோ, அவரு நெனச்சா வேற மெஷினுக்கு மாத்திக்கலாம்னு. யாரோட ஈமெயிலு? சூசையோடது. பாஸ்வேர்டு யாருகிட்ட? சூசைகிட்ட. நேத்து வந்து மூஞ்சி சுருங்கித் திரும்பிப் போனது யாரு? கூட்டிக் கழிச்சுப் பாக்க வேண்டியதே இல்ல சார். இவன் ஸ்டூடியோவத் தொறக்கலேன்னா என்ன, லைசென்ச நாமளே எடுத்துக்கிட்டு வீட்டுல வச்சுப் பதிஞ்சுக்குவோம்னு பண்ணிட்டான்.

வீட்டுக்குப் போயி என் சம்சாரத்துகிட்டச் சொன்னா, அவ சாவகாசமாச் சொல்றா, வருசா வருசம் சூசை அண்ணன் வந்து தொட்டாத்தான அது ஓடுது, அவங்களயே கூப்பிடுங்கன்னு. பாத்தீங்களா? வீட்டுல இருக்குற பொம்பளைக்கே தெரிஞ்சிருக்கு, அது அவன் கையிலதான் இருக்குன்னு. எனக்குத்தான் தெரியல.

மத்தியானம் ரெண்டு பேரும் வந்தாங்க. சூசை, என்னண்ணே ஆச்சுன்னு கைய நீட்டுறான், சாவியக் குடுங்க, ஒரு நிமிசம் பாத்துட்டுத் தர்றேங்கறான். நான் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். உள்ள இருந்ததத்தான் எடுத்துட்டியே, இப்பத் தோலையும் எடுக்க வந்தியான்னு கேட்டேன். அவன் ஒண்ணும் புரியாத மாதிரியே நின்னான். நடிப்பு. நான் லைசென்ஸ், ஈமெயிலு எல்லாத்தையும் சொன்னேன். அவன் சத்தமே போடல. அண்ணே, நான் எதையும் எடுக்கல, அத அப்புறம் பேசிக்குவோம், பாட்ட மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்குல போட்டுக் குடுங்க, மதுரையில ஒருத்தர்கிட்ட இதே சாஃப்ட்வேர் இருக்கு, அங்க போயி அந்த நாலு வரியப் பாடிட்டு வந்துர்றோம்னான்.

குடுத்திருக்கலாம்ங்கறீங்களா? நீங்க என் எடத்துல இருந்து பாருங்க சார். லைசென்சும் போச்சு, பாட்டையும் தூக்கிக் குடுத்தா நான் அங்க என்னத்துக்கு உக்காந்திருக்கேன்? மாட்டேன்னுட்டேன்.

செலின் சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டு மைக்கையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்பதான் எனக்கு அந்த வார்த்த வந்துருச்சு. வேணும்னு சொல்லல. கோபத்துல வந்துருச்சு. முத்தம் குடுத்தே காட்டிக் குடுத்தானே, உங்க வேதத்துல ஒருத்தன், அவன் பேரையே உனக்கும் வச்சிருக்கலாம்டா உங்கப்பான்னு சொல்லிட்டேன். அவன் பொண்டாட்டி முன்னாடி.

சூசை ஸ்டூடியோ கதவுச் சாவிய, அவன் வச்சிருந்தத, மேசை மேல வச்சான். "சரிண்ணே"ன்னான். அம்புட்டுத்தான். செருப்பு மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

அது நடந்து ரெண்டரை மாசம் ஆகுது. ஆபரேசன் முடிஞ்சிருச்சு. நான் போயிப் பாக்கல. எப்படிப் போறது? தப்புப் பண்ணுனவன் அவன், வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்னு இருக்கேன். கொயர்ல பாடுற ஒருத்தரு சொன்னாரு, செலினுக்கு வெறும் காத்துத்தான் வருதாம். டாக்டரு ஆறு மாசம் பாப்போம்னு சொல்லியிருக்காராம். வீட்டுக்கு யாராவது போன் பண்ணுனா எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு விரலால தட்டுமாம். ஆமான்னா ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு தட்டு. அன்னைக்கு என் ஸ்டூடியோவ விட்டுப் போனதுலேர்ந்து ஆபரேசன் நாள் வரைக்கும் வீட்டுல ஒரு வரிகூடப் பாடலயாம். போன்லயாவது பாடி வச்சிருக்கலாம். இந்தக் காலத்துல யாருதான் போன்ல பாடாம இருக்கா? அதுக்கு நானா பொறுப்பு?

அந்த எட்டுப் பாட்டும் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. கேக்க முடியாது. நானும் கேக்க முடியாது, அவங்களும் கேக்க முடியாது. அதத்தான் சார் என்னால தாங்க முடியல. சில நாள் மத்தியானம் தனியா உக்காந்திருக்கும்போது தபலாவத் தட்டிப் பாப்பேன், அந்த எட்டாவது பாட்டுக்கு. சரணம் வர்ற எடத்துல கை தானா நின்னுரும்.

நானும் சும்மா இருக்கல. அன்னையிலேர்ந்து வெள்ளிக்கிழமை தவறாம அந்தச் சாவிய எடுத்து, புதுசாச் சந்தனம் அரைச்சு வச்சு, சூடம் காட்டிட்டுத்தான் சொருகிப் பாக்குறேன். பத்து வெள்ளி ஆச்சு. போன வாரத்துலேர்ந்து லைட்டும் எரியல. அங்க உக்காந்துக்கிட்டு அவன் இன்னும் ஏதோ பண்றான் சார். அதான் கெளம்பிட்டேன்.

சமயபுரம் வந்துருச்சா. ஒரு கும்பிடு போட்டுக்குறேன்.

பாத்தீங்களா, திண்டுக்கல்லேர்ந்து நாம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே வர்றேன். நீங்க என்ன தொழில்னு ஒரு வார்த்த கேக்கல. செல்போன் ரிப்பேரா? வத்தலக்குண்டுலயா? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குச் சாமான் வாங்கப் போறீங்களா. அப்ப உங்களுக்கு இதெல்லாம் புரியும். அதான் பொறுமையாக் கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க.

காட்டலாமே. இந்தாங்க, இந்த டப்பாவுக்குள்ள இருக்கு. பாத்து சார். மஞ்சத் துணியோடயே புடிங்க.

ஏன் சார் வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறீங்க? உள்ளயா? உள்ள என்ன இருக்கு, தகடுதான் இருக்கும். அய்யோ, நகத்தால சுரண்டாதீங்க. அது பூசைப் பொட்டு. சார், சொன்னாக் கேளுங்க. அதென்ன பாட்டில்? ஸ்பிரிட்டா? ஒண்ணும் ஆகாதுல்ல? சரி. நீங்க தொழில் தெரிஞ்சவரு. பாத்துப் பண்ணுங்க.

இம்புட்டா இருந்துச்சு உள்ள? காஞ்சு கட்டியால்ல இருக்கு.

லேப்டாப்புல சொருகப் போறீங்களா. சொருகுங்க. வராது. பத்து வாரமா வராதது பஸ்ஸுலயா வரப் போகுது.

எரியுது.

அது எரியும் சார், மொதல்லயும் எரிஞ்சுச்சுன்னு சொன்னேன்ல. என்னது, சாவியோட பேரு வருதா? எங்க? ஆமா, அதே பேருதான். இது உங்க லேப்டாப்பு, புதுசு, அதான் காட்டுது. அப்படி இல்லையா? சாவி நல்லாத்தான் இருக்குங்கறீங்களா? லைசென்ஸ் எங்கயும் போகலங்கறீங்களா? முனையில இருந்த சந்தனம்தான், வேற ஒண்ணுமே இல்லங்கறீங்களா?

அந்தப் பஞ்சக் கொஞ்சம் குடுங்க சார்.

மஞ்சளா இருக்கு.

இதே பஞ்சுதான் சார். வருசா வருசம் விஜயதசமிக்குக் காலையில குப்பைக் கூடையில கெடக்கும், இதே மாதிரி. தூசியண்ணேன்னுவான். என் மனசு நோகக் கூடாதுன்னு எனக்கு முந்தி வந்து, கதவச் சாத்திக்கிட்டு, இதத்தான் பண்ணியிருக்கான். இந்த வருசம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனதால அவனால வர முடியல. அன்னைக்கு மத்தியானம் கைய நீட்டுனானே சார். ஒரு நிமிசம் குடுங்கண்ணேன்னு கைய நீட்டுனானே. அஞ்சு நிமிச வேலைதான? நீங்க எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க? அஞ்சு நிமிசம்கூட ஆகல.

இருங்க சார். போன் எங்க வச்சேன்.

நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. நான் போட்டுத் தர்றேன், நீங்க பேசுங்களேன். நான் மெக்கானிக்கு, நாந்தான் பாத்தேன், சாவியிலதான் கோளாறு, இந்தக் கம்பெனிக்காரங்க முனைய இப்படி வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. தண்டபாணி மேல தப்பில்லேன்னு நீங்க சொல்ல வேண்டாம். அது தானா வந்துரும். மாட்டீங்களா? சரி. சரி விடுங்க. உங்க மேல தப்பில்ல.

ரிங் போகுது.

எடுத்தாச்சு. சூசை? சூசை, நாந்தாண்டா, அண்ணன்.

பேச்சே இல்ல சார். மூச்சு மட்டும் கேக்குது.

செலினாம்மா?

ஒரு தட்டு சார். ஒரு தட்டு தட்டுச்சு.

சூசை பக்கத்துல இருக்கானா தாயி? ரெண்டு. வெளிய போயிருக்கானா? ஒண்ணு.

வச்சிரலாமா சார்? அவன் வந்ததும் பேசிக்கலாம்ல? நான் வச்சிட்டா அது என்னன்னு நெனைக்கும். அது வைக்க மாட்டேங்குது சார், அப்படியே காத்துக்கிட்டு இருக்கு. மூச்சு கேக்குது. அதால ஒண்ணும் சொல்ல முடியாது, நாந்தான் சொல்லணும். வையம்பட்டிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வாயே மூடாம வந்தேனே சார், இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது. மொத வார்த்த மட்டும் என்னன்னு சொல்லுங்க, மிச்சத்த நான் பேசிக்கிறேன்.